அம்மன் என்ன கொடுத்தாள் என்ற கேள்வி பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் ஞாயிறு இதழின் வாசகர் பகுதியில் இரண்டு வாரங்களுக்கு முன் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்ட இளைஞர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். இருநூறு ஆண்டுகளாக மாரியம்மனைக் கும்பிட்டுவந்த எங்கள் சனத்துக்கு அவள் கொடுத்தது என்ன, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவும் (தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை) ஒழுகுகிற தகரமும்தானே என்று அவர் கேட்டிருந்தார். கேள்வியில் கோபம் இருந்தது; கேலி இருக்கவில்லை. அதனால்தான் மறுமொழி எழுதத் தோன்றியது. மஸ்கெலியாப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் முப்பத்தோராண்டு படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிறந்தது லயத்தில்; இப்போது குடியிருப்பதும் அதே தோட்டத்தின் பணிய லயத்துக்கு அடுத்தாற்போல் கட்டிய சிறு வீட்டில். ஆகவே தகரத்தைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கப் போவதில்லை.

எனக்கு உடன்பாடில்லாதது அந்தக் கேள்வி கேட்கப்பட்ட முறை. கும்பிட்டதற்கு என்ன கூலி வந்தது என்று கேட்கும்போது கோயிலையும் கொழுந்து நிறுக்கும் மடுவமாக்கி விடுகிறோம்: இத்தனை கிலோ நிறுத்துக் கொடுத்தேன், முழுநாள் கூலிக்கு முழுப்பேர் போட்டாயா, அரைநாளுக்கு அரைப்பேர் போட்டாயா என்ற கணக்கு. நேர்த்தி வைக்கிற நம் பெரியவர்களும் இதே கணக்கைத்தான் பேசுகிறார்கள் என்பது உண்மை. பிள்ளைக்கு வேலை கிடைத்தால் சேவல், வழக்கு வென்றால் கிடாய் என்று அவர்கள் பேரம் பேசக் கேட்டே வளர்ந்தோம். ஆனால் அப்படிப் பேசிய அதே கிழவி, வேலை கிடைக்காத ஆண்டிலும் திருவிழா வரியைக் கொடுத்தாள். வழக்குத் தோற்ற வெள்ளிக்கிழமையும் விளக்கை ஏற்றினாள். வாய் சொன்ன கணக்கு ஒன்று, கை செய்த காரியம் வேறு. நம்பிக்கையால் அன்றாட வாழ்வுக்கு என்ன பயன் என்று அறிய வேண்டுமானால், அது நம்மிடமிருந்து எதை வாங்கிற்று, வாங்கியதை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று பார்ப்பதே பொருத்தமென்று எனக்குப் படுகிறது.

1823 தொடங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கென்று எங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கொண்டுவரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை அவர்கள் காட்டுவழியே நடந்ததையும், காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவந்ததையும் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். 2023 இல் அந்த இருநூறாண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து நடந்தவர்களும் மாத்தளையில்தான் நடையை முடித்தார்கள். எங்கள் அம்மாயி இந்த வரலாற்றை ஒரு முந்தானை முடிச்சின் கதையாகச் சொல்வார். ஊர்க் கோயில் வாசலில் அள்ளிய பிடிமண் அந்த முடிச்சில் இருந்ததாம். அரிசி தீர்ந்துபோன இடத்திலும் முடிச்சை அவிழ்க்கவில்லையாம். அந்த மண் அவர்களுக்கு வழியில் சோறு போட்டதா என்று கேட்டால், போடவில்லை.

வந்து சேர்ந்த இடத்தில் எல்லாம் எண்ணியும் நிறுத்தும் வைக்கப்பட்டிருந்தது. விடியுமுன் வேலைக்கு ஆள் கூட்டப் பெரட்டுத் தப்பு என்ற பறையை அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு எழுந்து பெரட்டுக்களத்தில் போய் நின்றால்தான் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பேர் விழும். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், விறகு தோட்டத்துக்குச் சொந்தம், வீட்டுக்கு வரும் கடிதமும் தோட்ட ஒபிசைத் தாண்டித்தான் வரும். இந்த நிலையில் அவர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள முதன்முதலில் உண்டாக்கியது ஒரு மரத்தடிக் கல்லைத்தான். அந்தக் கல்லுக்கு அவர்கள் வைத்த பெயர்களைக் கவனிக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்தருகே ரோதைமுனி, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் கவ்வாத்துச்சாமி. கையை நசுக்கக்கூடிய இயந்திரத்துக்கும் காலைக் கீறக்கூடிய கத்திக்கும் பக்கத்தில் ஒரு தெய்வத்தை உட்கார வைத்தார்கள்.

கவ்வாத்துத் தொடங்கும் காலையை நான் சிறுவனாக இருந்து பார்த்திருக்கிறேன். கத்திகளையெல்லாம் கழுவித் துடைத்து, கல்லுக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாக வைப்பார்கள். வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய், கொஞ்சம் கற்பூரம். கற்பூரம் அணைகிற வரை எவரும் கத்தியைத் தொடக்கூடாது. கங்காணியும் தொடமாட்டார், மலையைப் பார்க்க வந்த உதவித் தோட்ட அதிகாரியான சின்னத்துரையும் கைகட்டி ஓரமாக நிற்பார். அந்தச் சில நிமிடங்களுக்கு வேலை தோட்டத்தின் பிடியிலிருந்து விலகி நின்றது. பிறகு கத்தியைக் கையில் எடுத்தவன், பக்கத்து நிறையில் நிற்பவன் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் வீசினான்.

என் தகப்பனார் சாமி கும்பிடாதவர். பெரியார் 1932 இல் இலங்கைக்கு வந்து போனார். அதன் பின் மலைநாட்டில் ஊன்றிய சுயமரியாதைப் பேச்சு என் தகப்பனாரின் வாலிப காலத்திலும் உயிரோடிருந்தது. ஹட்டனில் கூட்டம் என்றால் ஒருநாள் பேரை விட்டுவிட்டும் போவார். அவர் தப்படிப்பவர். தப்படிப்பவருக்குத் திருநீற்றை எட்ட நின்று போடுகிற வழக்கம் எங்கள் கோயிலில் இருந்தது. அவர் உள்ளே போகாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை நான் பெரியவனான பிறகே விளங்கிக்கொண்டேன். ஆயினும் மாசி மாதம் காமன் கூத்துக்கென்று காமன் ஊன்றினால், தீ மூட்டித் தப்பைக் காய்ச்சுகிற முதல் ஆள் அவர்தான். மன்மதன் எரிந்து ரதி அழுகிற இரவில் விடிய விடிய அடிப்பார். "சாமியே இல்லங்கிறீங்க, அப்புறம் எதுக்கு அடிக்கிறீங்க" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "சாமிக்காகவாடா அடிக்கிறேன்? வருசம் பூரா பெரட்டுக்கு அடிச்ச தப்ப ஒரு நாளாச்சும் நமக்காக அடிக்க வேணாமா?" என்றார். கடவுளை நம்பாத ஒருவரிடமும் அந்தப் பண்டிகை இவ்வளவை வாங்கியிருக்கிறது. அந்த எட்ட நின்று போடும் வழக்கத்தையும் நம்பிக்கை சும்மா விடவில்லை. அது எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் கோயில் வரி சம்பளத்தில் பிடிக்கப்படும். பிடிக்கிற தொகையையும் செலவழிக்கிற விதத்தையும் கோயில் கமிட்டி தீர்மானிக்கும். கமிட்டித் தலைவரைத் தோட்டத்துச் சனம் கூடித் தெரிவு செய்யும். இதில் என்ன பெரிய விடயம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்த சனம் இது. நாடற்றோராக எஞ்சியவர்களுக்கு 2003 இல்தான் சட்டத்தின் மூலம் முடிவு வந்தது. பாராளுமன்றத்துக்கு ஒருவரை அனுப்ப முடியாதிருந்த அந்தத் தலைமுறையினர், தொழிற்சங்கத்துக்கு வெளியே, கையுயர்த்தி ஒருவரைத் தெரிந்தெடுத்ததும், கணக்குக் கேட்டதும், கணக்குப் பிழைத்தவரை இறக்கியதும் கோயில் வாசலில்தான். ஓராண்டு திருவிழாக் கணக்கில் நாற்பத்தேழு ரூபாய் குறைந்தது. தலைவர் கொப்பியை அம்மன் சந்நிதியில் வைத்து, சூடம் ஏற்றி, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். வாசித்துக்கொண்டு போகையிலேயே பந்தல் கயிற்றுக்குக் கொடுத்த காசை எழுத மறந்தது தெரிய வந்தது. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் இருவர் எழுந்து, கயிற்றுக் காசு எவ்வளவு என்று தாங்கள் கேட்டபடி சொன்னார்கள். அது கொப்பியிலே ஏறியது.

அதே போன்ற ஒரு கூட்டத்தில்தான், 1978 இல், தப்படிப்பவரும் எல்லோரோடும் வரிசையில் நின்று திருநீறு வாங்குவதென்று தீர்மானம் வந்தது. சண்டை நடந்தது, இரண்டு குடும்பங்கள் மூன்று ஆண்டுகள் வரி கொடுக்காமல் இருந்தன. தீர்மானத்துக்கு ஆதரவாகப் பேசியவர் பெரிய சீர்திருத்தக்காரர் எவருமில்லை; தீ மிதிக்க விரதம் இருந்த ஒரு சாதாரணக் கொழுந்துக்காரர். ஒரே குழியில் நடக்கிறோம், ஒரே தட்டில் ஏன் எடுக்கக்கூடாது என்று மட்டும் கேட்டார். வெளியிலிருந்து என் தகப்பனார் இருபது ஆண்டுகள் பேசியும் அசையாதது, உள்ளேயிருந்து ஒரு விரதக்காரர் கேட்டபோது அசைந்தது. தீர்மானம் வந்த பிறகும் என் தகப்பனார் திருநீறு வாங்கப் போகவில்லை என்பது வேறு கதை.

இப்போது என் தாயாரைப் பற்றி. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. அந்தப் பங்கீட்டில் எங்கள் காம்பராச் சுவருக்கு இந்தப் பக்கம் இலங்கைக்கும் அந்தப் பக்கம் இந்தியாவுக்கும் விழுந்தது. 1972 இல் பக்கத்துக் காம்பராக் குடும்பம் பயணம் போனது. அம்மி, உலக்கை, கோழிக்கூடு எல்லாம் விற்றாயிற்று. ஹட்டனுக்குக் கோச்சி ஏறப் போகும் காலையில் அந்தச் சின்னம்மா ஒரு சிறிய காமாட்சி விளக்கைக் கொண்டுவந்து என் தாயாரிடம் கொடுத்தார். "எல்லாத்தையும் வித்துட்டேன் அக்கா, இத விக்க மனசு வரல. வெள்ளிக்கெழம மட்டும் ஏத்தி வைங்க" என்றார். அன்று முதல் எங்கள் முன் விறாந்தையான இஸ்தோப்பில் வெள்ளிக்கிழமைகளில் இரண்டு விளக்குகள். கோத்தகிரியிலிருந்து நாலைந்து கடிதங்கள் வந்தன, பிறகு நின்றுவிட்டன. விளக்கு நிற்கவில்லை. என் தாயார் 2009 இல் இறக்கும் வரை ஏற்றினார். அதன்பின் என் மனைவி ஏற்றுகிறார். 2022 இல் தேங்காயெண்ணெய் வாங்குவதற்கு யோசிக்க வேண்டியிருந்த மாதங்களில், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை அவர் இரண்டு விளக்குக்கும் பாதிப் பாதியாக ஊற்றியதைப் பார்த்தேன். நம் விளக்கில் மட்டும் ஊற்றினால் கொஞ்ச நேரம் கூடுதலாக எரியுமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், முப்பத்தோராண்டு படிப்பித்தவன் கேட்கிற கேள்வியா இது என்று இருந்தது.

அந்த விளக்குக்காக அம்மன் என் தாயாருக்கு என்ன கொடுத்தாள் என்று அந்த இளைஞர் கேட்டால், எழுதிக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. கடல் தாண்டிப் போன ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை, கேட்பார் எவருமில்லாத நிலையிலும், ஒரு வீடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம். வெள்ளிக்கிழமை என்ற ஒரு கிழமையும், அந்திவேளை என்ற ஒரு நேரமும் அவ்வாக்குக்கு முட்டுக்கொடுத்து நின்றன. நல்லெண்ணம் எல்லோருக்கும் வரும். அதை வாரம் தவறாமல் செய்ய வைக்க ஒரு முறை வேண்டியிருக்கிறது.

மஸ்கெலியாவில் இருப்பவர்களுக்கு வேறொன்றும் தெரியும். 1969 இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய நகரம் தண்ணீருக்கடியில் போயிற்று. வறட்சி கடுமையாகி நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் சேற்றுக்கு மேலே தலைகாட்டும். செய்தி பரவியதும் சனம் இறங்கிப் போகும். வெடித்த சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய், இடிந்த சுவருக்கு முன் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். மழை வந்தால் மறுபடி மூழ்கப்போகிற கோயிலில் எவரும் வேலைவாய்ப்புக் கேட்டுக் காசு முடிந்து வைத்ததாக நான் காணவில்லை. வயதான உறவினரை எட்டிப் பார்த்துவிட்டு வருவதுபோலப் போய் வருகிறார்கள். எங்களூர் வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்களும் அப்படித்தான். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை, 2,243 மீற்றர் உயரமுள்ள அந்த மலைக்குப் படியேறும் சிங்களவர்கள் எதிரே வருவோரை "கருணாவய்" என்று வாழ்த்துவார்கள். யார், எந்தச் சமயம் என்று கேட்டுவிட்டு வாழ்த்துவதில்லை. கீழே ஹட்டன் பஸ்ஸில் இடத்துக்கு முட்டிக்கொண்ட அதே ஆட்கள்தாம்.

இவ்வளவு எழுதியதால் எல்லா நம்பிக்கைக்கும் நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். என் ஒன்றுவிட்ட தங்கையின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது, நூல் மந்திரித்துக் கட்டிய ஒருவர் மூன்று நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டாமென்று சொல்லிவிட்டார். நான்காம் நாள் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளை பிழைத்தது, ஒரு காது கேட்காமல் போயிற்று. அதே வீட்டில் என் பெரியம்மா, மடியில் கிளினிக் கொப்பியும் இடுப்பில் வேப்பிலையுமாக மாதம் தவறாமல் பிரசர் மருந்து எடுத்து எண்பத்தாறு வயதுவரை இருந்தார். டொக்டரின் கதிரையில் உட்காரப் பார்க்கும் நம்பிக்கைக்கும், நோயாளியின் கட்டிலருகே உட்காரும் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை அவரிடம் கற்கலாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோதும் இதே எரிச்சல் எனக்கு வந்தது. அபாயம் உண்டென்று முன்னமே எச்சரித்திருந்த இடம் அது. அதன் பிறகும் அதை விதி என்று பேசியவர்கள் இருந்தார்கள். சிலர் மேடையிலும் பேசினார்கள். செய்ய வேண்டியதைச் செய்யாதவர்களைக் காப்பாற்றும் வேலையைக் கடவுளிடம் ஒப்படைப்பதைக் காட்டிலும் பெரிய நிந்தனையை நான் அறியேன். இவ்விடத்தில் அந்த இளைஞரின் கோபத்தில் என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

அண்மைக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கோபுரப் போட்டி வந்திருக்கிறது. பக்கத்து டிவிசனில் மூன்று நிலை என்றால் நமக்கு ஐந்து நிலை. சாதாரண தரப் பரீட்சை நடக்கும் வாரத்திலும் ஒலிபெருக்கி அலறுகிறது. ஒருமுறை எங்கள் லயத்துப் பெண்பிள்ளை ஒருத்தி கணக்குப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு நேரே கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போய், "மாமா, நாளைக்கு எனக்கு மட்டும் இல்ல, நம்ம தோட்டத்துல ஒம்பது பேருக்குச் சோதனை" என்று சொல்லி நிறுத்தவைத்தாள். அவள் இப்போது பொகவந்தலாவையில் ஆசிரியை.

வடலூரில் இராமலிங்க அடிகள் தருமச்சாலை அடுப்பை மூட்டியது 1867 இல். பசித்து வருபவர் எவராயினும் சோறு போடுவது என்பதே அங்கே வழிபாடாக வைக்கப்பட்டது. அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. அதே 1867 இல்தான் இங்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதிலிருந்து கிளம்பிய வேலையும் இன்றுவரை நிற்கவில்லை. வகுப்பில் வரலாறு படிப்பிக்கும் ஒவ்வொரு ஆண்டும் இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் தாமாக ஒன்றைக் கேட்பார்கள்: நம் கோயிலில் திருவிழா தவிர்ந்த நாளில் ஏன் சோறு இல்லை, சேர்? முப்பத்தோராண்டாக நான் சொல்லாமல் விட்ட மறுமொழி அது. அதனால் தங்கள் பத்திரிகை வாயிலாக ஒன்றை அறிவித்துவிடுகிறேன். இந்த ஆண்டு எங்கள் கோயில் வரி குடும்பத்துக்கு இரண்டாயிரம் ரூபாய். அதில் ஐந்நூறைப் பிள்ளைக் காம்பராவின் கூரைக்கும், அங்கே காலையில் விடப்படும் குழந்தைகளின் மதியச் சோற்றுக்கும் ஒதுக்க வேண்டுமென்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். வழிமொழிய ஒருவர் கிடைத்திருக்கிறார். 1978 இல் வரி கொடுக்காமல் இருந்த குடும்பத்தின் பேரன். அந்த இளைஞர் தம் தோட்டத்துக் கமிட்டியிலும் சேர்ந்து, அம்மன் என்ன கொடுத்தாள் என்ற கேள்வியை அங்கே, கொப்பி திறந்திருக்கும்போது கேட்டால் நன்றாயிருக்கும். எங்கள் கூட்டம் தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு. கோபுரத்தில் மேலும் ஒரு நிலை எழுப்பும் தீர்மானம் முதலில் எடுக்கப்படும், என்னுடையது இரண்டாவது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மஸ்கெலியா.